தொட்டக்கா எங்கள் தெருவழியே போன காலை

பெங்களூரில் எதற்கும் ஜனம் வெளியே வராது என்பது என் தீர்மானம். ஓட்டுப் போட விடுமுறை கொடுத்தால் முதல்நாளே மைசூர் ரோட்டில் கார்கள் வரிசைகட்டி நிற்கிற ஊர் இது. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பது கூரியர்க்காரர் வந்து பெயரைக் கேட்கும்போதுதான் நமக்கே தெரியவரும். அதனால், யாரோ நாடகக்காரர்கள் மூன்று மாடி உயரத்தில் ஒரு பொம்மை செய்து அதை இரண்டு நாள் ஊருக்குள் நடக்கவிடப் போகிறார்கள் என்று என் மகள் வந்து சொன்னபோது நான் சிரித்தேன்.

"யார்டீ போய்ப் பார்ப்பாங்க? டிராஃபிக் ஜாம்தான் ஆகும்."

"நீ வேணா பாரு மா, ஊரே வரும்," என்றாள்.

மகள் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். நான் காக்ஸ்டவுன் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். நாங்கள் இருப்பது ஜீவனஹள்ளியில், என் மாமனார் கட்டிய வீட்டின் மாடியில். வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்தப் பொம்மை, பத்து வயதுப் பெண்பிள்ளை. இரட்டைப் பின்னல், பச்சைப் பாவாடை, கண்ணிமைகூடத் திறந்து மூடும். இரும்புச் சட்டம், மேலே மூங்கிலும் மரமும். கிரேன் வண்டி ஒன்றிலிருந்து அதைத் தொங்கவிட்டு, சிவப்புச் சட்டை போட்ட நாற்பது ஐம்பது பேர் கயிறுகளை இழுத்துக் காலையும் கையையும் அசைப்பார்கள். கதை எளிமையானது: தூங்கி எழுந்த பெண், இந்த ஊரின் ஏரிகளெல்லாம் எங்கே போயின என்று தேடிக்கொண்டு நடக்கிறாள். இரண்டாம் நாள் சாயங்காலம் அல்சூர் ஏரியைக் கண்டுபிடிக்கிறாள். பொம்மை இன்னும் கொட்டகையை விட்டு வெளியே வராதபோதே ஜனங்கள் அதற்குத் 'தொட்டக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கன்னடத்தில் பெரியக்கா.

ஒத்திகை நடந்தது எங்கள் பகுதி மைதானத்தில்தான். ஒரு நாள் தொட்டக்காவின் இடது முழங்கால் இரும்பில் விரிசல் விட்டுவிட்டது. பக்கத்தில் இருந்த வெல்டிங் கடையைத் தேடி வந்தார்கள். அது எங்கள் தெருமுனைக் கடை. கடைக்காரர் போய் அரைநாள் உட்கார்ந்து பற்றவைத்துக் கொடுத்தாராம். அன்றிலிருந்து அவருக்குக் கால் தரையில் படவில்லை என்று மகள் சொன்னாள். டீக்கடையில், காய்கறி வண்டியில், யாரைப் பார்த்தாலும், "தொட்டக்கா நடக்குறா இல்ல, அது நம்ம கை," என்று முழங்காலைத் தொட்டுக் காட்டுகிறாராம்.

"அவன் பேச்சை எங்கிட்ட எடுக்காதே," என்றேன்.

மகள் எழுந்து போய்விட்டாள்.

அந்தக் கடைக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வயதுதான் இருக்கும். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எங்களைப் போலவே இரண்டு தலைமுறையாக இங்கே இருக்கிறவர். கீழே கடை, மேலே வீடு. பல வருஷங்களுக்கு முன்னால் கடைக்குள் இடம் போதாமல் வாசலில் தகர ஷீட் இறக்கினார். அதைத் தாங்க ரோட்டிலேயே குழி தோண்டி, ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு சிமென்ட் போட்டார். கம்பத்துக்கு எதிர்ப்பக்கம் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டுக்கும் நடுவில் ஆட்டோ போகும். கார், கண்ணாடியை மடக்கிக்கொண்டு போகும். அதைவிடப் பெரிதாக எதுவும் போகாது. என் கணவர் முதலில் வாயால் சொன்னார், வாய்ச்சண்டை ஆனது. பிறகு வார்டு ஆபீஸில் புகார் கொடுத்தார். நோட்டீஸ் வந்தது, கடைக்காரர் கோர்ட்டில் தடை வாங்கினார். அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு போவதும் தீபாவளித் தட்டு வருவதும் நின்றன.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது என் கணவர் மார்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. ஆனால் அந்தக் கம்பத்தைத் தாண்ட முடியவில்லை. டிரைவர் முன்னும் பின்னுமாக எடுத்துப் பார்த்துவிட்டு, மறுமுனை வழியாகச் சுற்றி வருகிறேன் என்று போனார். அங்கே ரோடு தோண்டிக் கிடந்தது. திரும்பி இதே முனைக்கு வந்து நின்றார். இருபது நிமிஷம் போய்விட்டது. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். இருபது நிமிஷம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். "அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா," என்றார். நான் எனக்குள் உறுதியாகச் சொல்லிக்கொண்டேன். அடக்கத்தன்று கடைக்காரர் எங்கள் கேட்டுக்கு வெளியே கைகட்டி நின்றிருந்தார். நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

தொட்டக்கா நடந்த முதல்நாள் சனிக்கிழமை. பள்ளியில் அரைநாள் வேலை முடித்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். ஃபிரேசர் டவுனில் வண்டி நின்றது. முன்னால் ரோடு தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "மேடம், நீங்க உக்காருங்க, இல்லன்னா இறங்கிக்குங்க, உங்க இஷ்டம். நான் பாத்துட்டு வர்றேன்," என்று சாவியைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினார். ஐம்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் ஒரு பெங்களூர் ஆட்டோக்காரர் மீட்டரை ஓடவிட்டு இப்படிப் போனதை நான் பார்த்ததில்லை.

நானும் இறங்கினேன். நர்ஸிங் ஹோம் படிகளில் நர்ஸுகள். பேக்கரியில் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு மாவுக் கையோடு ஆட்கள். கல்யாண மண்டபத்திலிருந்து மணப்பெண் நகையும் மாலையுமாக வாசலுக்கு வந்துவிட்டாள். அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அவள் அத்தைமார். மொட்டைமாடிகள், பஸ் கூரைகள், மதில்கள் எல்லாவற்றிலும் ஆள். இவர்களெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்? இந்த ஊரில் நான் கூட்டம் என்று பார்த்ததெல்லாம் கலவரம்தான். இளவயதில் காவிரித் தண்ணீர்ச் சண்டை வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு, தமிழில் சத்தமாகப் பேசாதே என்று அப்பா வாயைப் பொத்திய கூட்டம். அதனால் என் கால் தானாகச் சுவரோரம் ஒதுங்கியது.

அப்போது ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரங்களுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

சத்தம் சட்டென்று அடங்கியது. அவ்வளவு பெரிய கூட்டம், ஒரு ஹார்ன்கூட இல்லை. கயிறு இழுப்பவர்கள் "ஒந்து, எரடு" என்று எண்ணுவது மட்டும் கேட்டது. தொட்டக்கா ஓர் அடி வைத்தாள், நின்றாள், எங்கள் பக்கம் குனிந்தாள், கண்ணை மூடித் திறந்தாள். பக்கத்தில் ஒருவர் யாரிடம் என்றில்லாமல், "நம்ம ஊர்ப் பொண்ணு," என்றார் தமிழில். அந்தப் பக்கத்து அம்மாள், "நம்ம ஹுடுகி," என்றார் கன்னடத்தில். இரண்டும் ஒன்றுதான். நான் வாயைத் திறந்தபடி நின்றிருந்தேன் என்பது, என்னிடம் படித்த பெண் ஒருத்தி, "மிஸ், நீங்களுமா!" என்று தோளைத் தட்டியபோதுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரே குறை. தொட்டக்கா போகும் வழி எல்லாம் பெரிய ரோடுகள். முழங்காலைப் பற்றவைத்தது நம்ம ஆள், ஒத்திகை நம்ம மைதானம், ஆனால் நம்ம தெருவுக்கு வரமாட்டாளா என்று கீழே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "பெரிய வூட்டுக்காரங்களுக்கு மட்டும்தான் ஊரா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு மகள் என்னை உலுக்கி எழுப்பினாள். மெயின் ரோட்டில் பெரிய தண்ணீர்க் குழாய் வெடித்து ரோடு உள்வாங்கிவிட்டதாம். தொட்டக்காவைத் திருப்பிவிட வேண்டும். ராத்திரி அவளை நிறுத்தியிருந்த மைதானத்திலிருந்து அல்சூர்ப் பக்கம் போக மிச்சமிருக்கிற வழி எங்கள் தெரு ஒன்றுதான்.

பால்கனிக்கு வந்து பார்த்தேன். நான் அறிந்த தெருவே இல்லை அது. ரோட்டை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். பார்க்கிங் இடத்துக்காகப் போன மாதம் போலீஸ் வரைக்கும் போன இரண்டு வீட்டுக்காரர்கள், ஒருவர் காரை இன்னொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கேபிள்காரர் ஏணி போட்டு ஏறி, வீடு வீடாகக் கேட்டு ஒயர்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு மேட்ச் இருக்கே," என்று யாரோ சொல்ல, "மேட்ச் கெடக்குது, அவுத்துடுங்க," என்று பத்துக் குரல். பெண்கள் கோலம் போட்டார்கள். சந்துகளிலிருந்தெல்லாம் ஜனம் வந்துகொண்டே இருந்தது. கோயிலில் முதல் பூசை முடிந்து வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் அப்படியே நின்றுவிட்டார்கள்.

ஏழரை மணிக்கு இன்ஸ்பெக்டரும், டேப்போடு ஒரு பெண் இன்ஜினியரும் வந்தார்கள். தெருமுனையில் நின்று அளந்தார்கள். டேப்பைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பெண் தலையை ஆட்டினாள். நானும் மகளும் கீழே இறங்கிப் போய்க் கூட்டத்தில் நின்றோம். இன்ஸ்பெக்டர் கம்பத்தைத் தட்டி, "இது யார்துரீ?" என்றார் கன்னடத்தில். எல்லோரும் கடையைப் பார்த்தார்கள். கிரேன் வண்டி நுழையாது, தொட்டக்காவை லாரியில் படுக்கவைத்து வேறு பக்கமாக ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான் என்றார். கூட்டம் "அய்யோ" என்றது. அந்த அய்யோ தெருவின் மறுமுனை வரைக்கும் போனது.

கடைக்காரர் வெளியே வந்தார். லுங்கி, பனியன். தலைக்குமேல் ஷீட்டைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். "எத்தினி மணிக்கு வர்றா?" என்று கேட்டார்.

"ஒன்பதுக்கு," என்றாள் இன்ஜினியர் பெண்.

"ஷீட்டைப் புடிங்கப்பா," என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கேஸ் கட்டரோடு வந்தார். எட்டுப் பத்துப் பேர் ஏறி ஷீட்டைக் கழற்றி இறக்கினார்கள். அவர் கம்பத்தின் அடியில் குந்தி நெருப்பை வைத்தார். நீலச் சுடர் இரும்பில் பட்டுப் பொறி பறந்தது. கம்பம் சாய்ந்தபோது நாலு பேர் தாங்கிப் பிடித்து ஓரமாகப் படுக்கவைத்தார்கள். அடியில் நின்ற சிமென்ட் கட்டையை ஒருவர் கடப்பாரையால் நெம்பி எடுத்தார். விசில் பறந்தது. யாரோ அவரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றிருந்தேன். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்து நான் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்கே நம்பமுடியவில்லை. பள்ளியில் குரலை உயர்த்தாதவள் என்று பெயர் எடுத்தவள் நான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவர் எதிரே போய் நின்றேன்.

"பொம்மைக்கு வெட்டிட்டியா? என் வீட்டுக்காரரு உயிருக்கு வெட்டலியே! ஒரு மரப்பொம்மைக்கு வெட்டிட்டியா நீ?"

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. விசில் நின்றது. அவர் மெதுவாக எழுந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"டீச்சரம்மா," என்றார். "அன்னைக்கு நான் மேலதான் இருந்தேன். பின் ரூம்ல டிவி ஓடிச்சு. சத்தம் கேட்டு எறங்கி வர்றேன், நாற்காலி தாண்டிப் போயிடுச்சு. ஒரு குரல் குடுத்திருந்தா... என் புள்ளைங்க மேல ஆணையா சொல்றேன், அப்பவே அறுத்திருப்பேன். இதோ இப்ப அறுத்தேனே, இந்த மாதிரி."

"பொய்!" என்றேன். "தெரிஞ்சே உள்ள உக்காந்திருந்தே. நாங்க எத்தனை பேரு கத்தினோம் அன்னைக்கு!"

"இல்ல மா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. என் மகள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரும் அவரைக் கூப்பிடல. நான் போனேன். அவங்க மாடிப்படி வரைக்கும் போயிட்டேன். நீதான் கூப்பிட்டு நிறுத்தின. 'அவன் வாசல்ல போய் நிக்காதே'ன்னு சொன்ன."

நான் அவளைப் பார்த்தேன். அவள் எதையோ குழப்பிக்கொள்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தக் காட்சி அப்படியே வந்து முன்னால் நின்றது. ரோட்டில் செருப்பில்லாமல் நான். ஆம்புலன்ஸ் பின்வாங்கிப் போகிறது. மகள் அவர்கள் மாடிப்படியின் பச்சைக் கைப்பிடியைப் பிடித்து இரண்டு படி ஏறியிருக்கிறாள். நான் கையை நீட்டி அவளைக் கூப்பிடுகிறேன். சொன்ன வார்த்தைகூட அவள் சொன்ன அதே வார்த்தைதான். மூன்று வருஷம் ஒவ்வொரு நாளும் அந்தக் காலையை நினைத்திருக்கிறேன். நாற்காலி, கம்பம், டிரைவரின் சட்டை நிறம் எல்லாம் நினைவில் இருந்தது. இது மட்டும் இல்லவே இல்லை. எங்கே போயிருந்தது அது? எப்படி என் மண்டைக்குள் இருந்துகொண்டே எனக்குத் தெரியாமல் இருந்தது?

கடைக்காரரின் மனைவி ஓடி வந்து ஒரு முக்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். அந்த அம்மாளின் கை என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. சுற்றி நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, "தொட்டக்கா பந்த்லு! தொட்டக்கா வந்துட்டா!" என்று தெரு முழுவதும் ஒரே கூச்சல் எழுந்தது. எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். எனக்குத் தொட்டக்காவின் முகம் தெரியவில்லை. இடுப்புகளுக்கு நடுவில் அவளுடைய கால்கள்தான் தெரிந்தன. கட்டில் அளவு செருப்பு. சிவப்புச் சட்டைக்காரர்கள் கயிற்றோடு கிரேன் வண்டி மேலிருந்து ஒன்றாகக் குதிக்க, ஒரு கால் எழும்பி, கம்பத்தைப் பிடுங்கிய குழியைத் தாண்டி என் முன்னால் இறங்கியது. இடது முழங்காலில் பற்றவைத்த தழும்பு புதிதாக மினுங்கியது. கடைக்காரர் அதைப் பார்த்தாரா என்று திரும்பினேன். அவர் கூட்டத்தோடு போகவில்லை. கடைவாசலில் கட்டரைக் கையில் பிடித்தபடி, தொட்டக்காவைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு வாரமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர்.

மத்தியானம் மகளும் நானும் சாப்பிடவில்லை. "இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"நீ அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடமாடிட்டு இருந்த மா. அதையும் எடுத்துட்டா உனக்கு என்ன ஆகுமோன்னு பயந்தேன்," என்றாள். பிறகு, "எனக்கும் தப்பு இருக்கு. நீ கூப்பிட்டாலும் நான் திரும்பி வந்திருக்கக் கூடாது," என்று அழுதாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் இதைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி என் கூடவே சாப்பிட்டு, என் கூடவே கோயிலுக்கு வந்திருக்கிறாள். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அடி.

சாயங்காலம் அவள்தான் என்னை அல்சூருக்கு அழைத்துப் போனாள். எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஏரிக்கரையில் தொட்டக்கா மண்டியிட்டு, இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளி முகம் கழுவினாள். தண்ணீர் அவள் விரல்களுக்கு நடுவில் வழிந்து கரையில் நின்றவர்கள்மேல் மழையாக விழுந்தது. ஆயிரம் வாய்கள் ஒன்றாக மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. மகளின் கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தேன்.

கடைக்காரரிடம் மன்னிப்பு கேட்டேனா என்றால், வாய்விட்டுக் கேட்கவில்லை. அவரும் என்னிடம் கேட்கவில்லை. கம்பத்தை முதலில் ரோட்டில் நட்டவர் அவர்தான். அதை நான் மறக்கவும் இல்லை. ஒரு வாரம் கழித்து, "வணக்கம் டீச்சரம்மா," என்றார். நானும் வணக்கம் என்றேன். அவர் மறுபடி கம்பம் நடவில்லை. சுவரிலேயே தாங்கி அடித்துச் சின்னதாக ஷீட் இறக்கிக்கொண்டார்.

பிறகு ஒரு நாள், என் கணவர் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற வார்டு ஆபீஸுக்குப் போனேன். குமாஸ்தா ஃபைலைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, "வாபஸா? இங்கே யாரும் வாபஸ் வாங்க வரமாட்டாங்க மேடம்," என்றார். கம்பத்தை எடுத்தாகிவிட்டது என்றேன்.

"யார் எடுத்தது? நாங்க எடுக்கலையே."

"அவரே எடுத்துட்டார்."

"கோர்ட்ல தடை வெச்சிருக்கிற ஆளு. அவரே எடுத்தாரா?"

அவர் என்னை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மறுநாள் காலை ஸ்கூட்டரில் குமாஸ்தாவே எங்கள் தெருமுனைக்கு வந்து இறங்கினார். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சிமென்ட் போட்டு மூடிய வட்டத்தை செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்தார், குனிந்து கையாலும் தொட்டுப் பார்த்தார். பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். கடைக்காரர் வெளியே வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவருக்கு டீ சொன்னார்.